ஐன்ஸ்டைனின் ரஃப் நோட்டு: ஒரு கையெழுத்துப் பிரதியை வாங்குவது என்றால் எதை வாங்குவது?

2021 நவம்பர் 23ஆம் தேதி பாரிஸில் ஓர் ஏலம் நடந்தது. 54 பக்கம் கொண்ட பழைய காகிதக் கட்டு ஒன்று 1 கோடியே 16 லட்சம் யூரோவுக்கு மேல் போனது, அன்றைய கணக்கில் நம் பணத்துக்குக் கிட்டத்தட்ட நூறு கோடி ரூபாய். மறுநாள் என் போனில் வந்து விழுந்த செய்திகளில் பாதி 'ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு ஏலத்தில் விற்பனை' என்றுதான் சொல்லின. ஒரு நண்பர் நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார்: "அப்படியென்றால் இனிமேல் அந்தச் சமன்பாட்டைப் பாடப்புத்தகத்தில் போட வாங்கினவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?"

வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று விளக்க ஆரம்பித்தபோதுதான் இந்த விஷயம் எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்று எனக்கே தெரிந்தது. விற்கப்பட்டது சார்பியல் கோட்பாடே இல்லை. அது ஒரு கணக்கு, அதுவும் விடை தப்பாக வந்த கணக்கு. எழுதியவரும் ஐன்ஸ்டைன் மட்டும் இல்லை. இதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், இயற்பியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பாட்டியின் சமையல் நோட்டு

உங்கள் பாட்டி கைப்பட எழுதிய சமையல் குறிப்பு நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்குப் பிறகு அது பெரியம்மாவிடம் போய்ச் சேர்கிறது. எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டு, அந்தப் பொருள், பெரியம்மாவுக்குச் சொந்தம். அவர் அதைப் பீரோவில் பூட்டி வைக்கலாம், யாருக்காவது கொடுக்கலாம்.

பாட்டி எழுதிய வாசகங்களை அப்படியே எடுத்து ஒருவர் புத்தகமாகப் போட்டு விற்கிறார் என்றால் அது வேறு கேள்வி. அங்கே எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரிமை வருகிறது. இதைத்தான் பதிப்புரிமை என்கிறோம்: ஒரு எழுத்தை நகலெடுத்து வெளியிடும் உரிமை, சட்டம் சொல்லும் காலம் வரைக்கும். நோட்டு பெரியம்மாவிடம் இருப்பதாலேயே இந்த உரிமை அவர் ஒருவருக்கு மட்டும் வந்துவிடாது.

சரி, அந்த நோட்டில் இருக்கிற வத்தக்குழம்பு? அதை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். குழம்பு வைக்கிற முறை யாருடைய சொத்தும் இல்லை.

அறிவியல் கையெழுத்துப் பிரதியும் இதே மாதிரிதான். காகிதம் ஒருவருக்குச் சொந்தம், அதில் இருக்கும் வார்த்தைகளின் பதிப்புரிமை இன்னொருவரிடம் இருக்கலாம், கருத்து எல்லோருக்கும் பொது. ஏலத்தில் கைமாறுவது முதலாவது மட்டும்.

ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு

அடுத்த குழப்பம், 'ஐன்ஸ்டைனின் கையெழுத்துப் பிரதி' என்று ஏதோ ஒரே ஒரு பொருள் இருப்பதுபோலப் பேசுவது. பள்ளியில் கணக்கை முதலில் ரஃப் நோட்டில் அடித்துத் திருத்திப் போடுவோம், அப்புறம் ஃபேர் நோட்டில் அழகாக எழுதுவோம். விஞ்ஞானிகளின் காகிதங்களிலும் இந்த இரண்டும் உண்டு, இவை தவிர மூன்றாவதாக ஒன்றும் உண்டு.

ஃபேர் நோட்டுக்கு உதாரணம், பொதுச் சார்பியல் கோட்பாட்டை, அதாவது ஈர்ப்பைப் பற்றிய அவருடைய கோட்பாட்டை, முழுமையாக விளக்கி அவர் 1916இல் அச்சுக்குக் கொடுத்த 46 பக்கக் கட்டுரை. அதை ஐன்ஸ்டைன் 1925இல், ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகம் திறக்கப்பட்ட சமயத்தில், அதற்கே கொடுத்துவிட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அது ஏலத்துக்கு வந்ததே இல்லை. ஆக, கோட்பாட்டின் கையெழுத்துப் பிரதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வகை கொஞ்சம் விசித்திரம். 1905இல் எழுதிய சிறப்புச் சார்பியல் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை, அது அச்சில் வந்ததும், ஐன்ஸ்டைன் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்தபோது அமெரிக்காவில் போர்ப் பத்திரங்கள் விற்பனைக்கு உதவியாக அந்தப் பிரதியைத் தர முடியுமா என்று கேட்டார்கள். இல்லாததை எங்கே போய்த் தேடுவது? 1943இல் அவருடைய செயலாளர் ஹெலன் டூகாஸ் அச்சான கட்டுரையை வாசிக்க வாசிக்க, ஐன்ஸ்டைன் தன் கையாலேயே அதை மறுபடி முழுவதும் எழுதினார். 1944 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியில் நடந்த நிகழ்ச்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனம் 65 லட்சம் டாலருக்குப் போர்ப் பத்திரம் வாங்குவதாகச் சொல்லி அதைப் பெற்றது. அந்தத் தொகை காகிதத்துக்குக் கொடுத்த விலை என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அரசுக்குக் கடனாகப் போன பணம் அது. பிரதி இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. கையெழுத்து அவருடையதுதான், ஆனால் கண்டுபிடித்த நேரத்தின் தடம் எதுவும் அதில் இல்லை.

ரஃப் நோட்டுத்தான் மிகவும் அரிது. ஐன்ஸ்டைன் வேலை முடிந்ததும் கணக்குப் போட்ட தாள்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர். பொதுச் சார்பியல் உருவாகிக்கொண்டிருந்த காலத்தின் ரஃப் வேலை என்று சொல்லத்தக்கவை முக்கியமாக இரண்டே மிஞ்சின. ஒன்று, 'சூரிச் நோட்டுப் புத்தகம்' என்று ஆய்வாளர்கள் அழைப்பது, அது ஜெருசலேமில் இருக்கிறது. இன்னொன்று, 2021இல் பாரிஸில் விற்ற இந்த 54 பக்கம்.

இதுவரை வந்தது: விற்றது காகிதம், கருத்து இல்லை. அந்தக் காகிதமும் ஃபேர் நோட்டு இல்லை, ரஃப் நோட்டு. இனி அந்த ரஃப் நோட்டில் என்ன கணக்கு என்று பார்ப்போம்.

43 ரூபாய் எங்கே போனது?

மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறீர்கள். செலவு 574 ரூபாய். ரசீதுகளைக் கூட்டினால் 531தான் வருகிறது. மீதி 43 ரூபாய் எங்கே போனது என்று தெரியவில்லை. தொகை சின்னது. ஆனால் ஒவ்வொரு மாதமும் அதே 43 காணாமல் போனால் தூக்கம் வராது இல்லையா. 19ஆம் நூற்றாண்டின் வானியலாளர்களுக்கு புதன் கிரகம் கொடுத்த தலைவலி இதே எண்களில்தான் இருந்தது.

புதன் சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, நீள்வட்டம். அந்தப் பாதையில் சூரியனுக்கு மிக அருகில் வரும் இடத்துக்கு அண்மைப் புள்ளி என்று பெயர். காகிதத்தில் பேனாவை எடுக்காமல் முட்டை வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து பாருங்கள், ஒவ்வொரு முறையும் முட்டை துளி திரும்பிக்கொண்டே போய், கடைசியில் பூவிதழ் மாதிரி ஒரு கோலம் வரும். புதனும் அப்படித்தான், ஒவ்வொரு சுற்றிலும் அதன் அண்மைப் புள்ளி கொஞ்சம் நகர்ந்துகொண்டே போகிறது.

எவ்வளவு நகர்கிறது என்பதை அளக்க ஒரு சின்ன அலகு வேண்டும். ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு வில்விநாடி. வானத்தில் முழு நிலவின் அகலம் சுமார் 1,800 வில்விநாடி, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். புதனின் அண்மைப் புள்ளி நூறு வருஷத்துக்குச் சுமார் 574 வில்விநாடி நகர்கிறது. வெள்ளி, பூமி, வியாழன் முதலான மற்ற கிரகங்கள் புதனை இழுப்பதால் வரும் நகர்வை நியூட்டனின் விதிப்படி கணக்கிட்டால் சுமார் 531 வருகிறது. மிச்சம் 43. அந்த மிச்சம் மட்டும் ஒரு முழு வட்டம் சுற்றி வர ஏறக்குறைய 30 லட்சம் வருஷம் ஆகும், அவ்வளவு நுணுக்கமான பிசகு.

இதை முதலில் கண்டது பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, 1859இல். அவர் சொன்ன மிச்சம் 38. பிறகு 1882இல் அமெரிக்க வானியலாளர் நியூகோம் அதை 43 என்று திருத்தினார். லெவெரியே சாதாரண ஆள் இல்லை. யுரேனஸ் கிரகத்தின் பாதையில் இருந்த பிசகை வைத்தே, வெளியில் இன்னொரு கிரகம் இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்கிட்டு, அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே 1846இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் புதனுக்கும் அதே மருந்தைக் கொடுத்தார்: சூரியனுக்கு இன்னும் பக்கத்தில் கண்ணில் படாத ஒரு கிரகம் இருக்கும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள். பல வருஷம் தேடினார்கள், கிடைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. பிசகு இருந்தது ஈர்ப்பு விதியிலேயே.

அந்த 54 பக்கத்தில்

1913 ஜூன் மாதம், சூரிச். ஐன்ஸ்டைன் தன் நண்பரும் கணித அறிஞருமான மார்செல் கிராஸ்மனோடு சேர்ந்து ஈர்ப்புக்கு ஒரு புதுக் கோட்பாட்டை அப்போதுதான் எழுதியிருந்தார். ஆய்வாளர்கள் அதை 'என்ட்வுர்ஃப்' கோட்பாடு என்பார்கள், ஜெர்மனில் 'வரைவு' என்று அர்த்தம். பின்னால் வரப்போகும் பொதுச் சார்பியலுக்கு முன்வடிவம் அது. பெயருக்கேற்ப முடிவானது இல்லை, சில சமன்பாடுகள் தப்பு. ஆனால் அது அப்போது அவருக்குத் தெரியாது.

கோட்பாடு சரியா என்று சோதிக்கப் புதனைவிட நல்ல இடம் இல்லை. அந்தக் கணக்கைப் போட அவருக்குத் துணையாக வந்தவர் மிக்கேலே பெஸ்ஸோ. பொறியாளர். மாணவர் காலத்திலிருந்தே நெருங்கிய நண்பர், பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் உடன் வேலை பார்த்தவர். 1905 கட்டுரையின் முடிவில் ஐன்ஸ்டைன் பெயர் சொல்லி நன்றி சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்த 54 பக்கத்தில் 26 ஐன்ஸ்டைன் கையெழுத்தில், 25 பெஸ்ஸோ கையெழுத்தில், 3 பக்கத்தில் இருவரும் எழுதியிருக்கிறார்கள். சரிபாதி! இதை 'ஐன்ஸ்டைன் கையெழுத்துப் பிரதி' என்று மட்டும் செய்திகள் சொல்லிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உள்ளே என்ன இருக்கிறது? அடித்தல், திருத்தல், பாதியில் விட்ட வரிகள். ஐன்ஸ்டைன் பக்கங்களில் வார்த்தைகளே குறைவு, சமன்பாடு சமன்பாடாக ஓடும். பெஸ்ஸோ இடையிடையே குறிப்பும் கேள்வியும் எழுதுகிறவர்.

இருவரும் சூரியனின் நிறையைக் கணக்கில் பத்து மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள். அதன் விளைவு இறுதி விடையில் நூறு மடங்காக ஏறி, 1,800 வில்விநாடிக்கு மேல் வந்தது. அதாவது 43 வர வேண்டிய இடத்தில் முழு நிலவின் அகலம்! பிறகு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் விடை 18 ஆனது. தேவை 43, கிடைத்தது 18. கோட்பாடு தேர்ச்சி பெறவில்லை. அந்தக் கணக்கை இருவரும் வெளியிடவே இல்லை.

இன்னொரு பக்கத்தில் இதைவிட முக்கியமான தப்பு ஒன்று இருக்கிறது. சுழலும் ஒரு மேடைமேல் நின்று பார்ப்பவருக்கும் தன் சமன்பாடுகள் பொருந்துமா என்று ஐன்ஸ்டைன் சோதித்து, பொருந்துகிறது என்ற முடிவுக்கு வந்து, பக்கத்தில் ஜெர்மனில் 'ஸ்டிம்ட்' என்று எழுதியிருக்கிறார். 'சரிதான்' என்று அர்த்தம். சரியில்லை, வழியில் பிசகிவிட்டார். அந்தப் பிசகு அவருக்கு உறைத்தது 1915 செப்டம்பரில், இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து. அது புரிந்ததும் என்ட்வுர்ஃப் மேல் இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது, புதிய சமன்பாடுகளைத் தேட ஆரம்பித்தார்.

தப்பான விடைக்கு எதற்கு மதிப்பு?

1915 நவம்பரில் நான்கு வியாழக்கிழமைகள் தொடர்ந்து பெர்லினில் பிரஷ்ய அறிவியல் கழகத்துக்கு ஐன்ஸ்டைன் நான்கு கட்டுரைகள் கொடுத்தார். 18ஆம் தேதி கொடுத்த மூன்றாவது கட்டுரையில் புதனின் கணக்கு இருந்தது, விடை 43. வல்கன் வேண்டாம், வேறு எந்தத் திருத்தமும் வேண்டாம், சமன்பாட்டிலிருந்து நேராக 43. அடுத்த வாரம், 25ஆம் தேதி, பொதுச் சார்பியலின் இறுதிச் சமன்பாடுகளைக் கொடுத்தார்.

அந்தக் கணக்கை அவ்வளவு சீக்கிரம் முடித்ததைக் கண்டு அசந்துபோனார் அந்தக் காலத்தின் மிகப் பெரிய கணித அறிஞர்களில் ஒருவரான டேவிட் ஹில்பர்ட். தன்னால் இவ்வளவு வேகமாகக் கணக்கிட முடிந்தால் எப்படி இருக்கும் என்ற தொனியில் மறுநாளே ஐன்ஸ்டைனுக்கு வாழ்த்து அனுப்பினார். ஆனால் அது ஒரு வாரத்தில் தொடங்கி முடித்த கணக்கு இல்லை. படிப்படியாக எப்படித் தோராயம் எடுப்பது, எங்கிருந்து எங்கே போவது என்ற வழி முழுவதும் பெஸ்ஸோவோடு உட்கார்ந்து 1913இலேயே போட்டுப் பார்த்தது. புதுச் சமன்பாட்டை அதே வழியில் ஓட்டினார், விடை வந்துவிட்டது. ஹில்பர்ட்டுக்கு இது தெரியாது. ஐன்ஸ்டைனும் அந்தக் கட்டுரையில் பெஸ்ஸோவைக் குறிப்பிடவில்லை.

இந்த 54 பக்கம் கிடைத்திராவிட்டால் நாமும் ஹில்பர்ட் நினைத்ததைத்தான் நினைத்திருப்போம்: ஒரு மேதை, ஒரு வாரம், ஒரு மின்னல். ரஃப் நோட்டு சொல்வது வேறு. இரண்டு நண்பர்கள், தப்பான நிறை, தப்பான 'சரிதான்', கைவிட்ட கணக்கு, அதற்குள் பத்திரமாகப் பிழைத்துக் கிடந்த ஒரு வழிமுறை. என்னைக் கேட்டால் காகிதத்தின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

மறுபடி சுருக்கமாக: இது கோட்பாட்டின் பிரதி இல்லை. கோட்பாட்டுக்கு முந்தைய வரைவு தோற்ற கணக்கு, ஆனால் வென்ற கணக்குக்கு அதே வழிதான் கைகொடுத்தது.

தாய்ப்பத்திரம் பார்ப்பது மாதிரி

இனி காகிதம் எப்படிக் கைமாறியது என்ற பகுதி. இதற்கு முன் ஒரு சொல்லைப் புரிந்துகொள்வது நல்லது. மனை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? இப்போது விற்கிறவரின் பத்திரம் மட்டும் போதாது. அவருக்கு யார் விற்றார், அதற்கு முன் யார், தாய்ப்பத்திரம் எங்கே என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம், வில்லங்கச் சான்றிதழ் எடுப்போம். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அப்பா கையெழுத்துப் போட விடமாட்டார். பழம்பொருள் உலகில் இந்தச் சங்கிலிக்கு உரிமை வரலாறு என்று பெயர்: ஒரு பொருள் உருவான நாளிலிருந்து யார் யார் கையில் இருந்தது என்ற தொடர்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? 1860களில் பிரான்ஸில் நடந்தது இது. மிஷேல் ஷால் என்ற பெரிய கணித அறிஞரிடம் வ்ரேன்-லூக்கா என்பவர் ஆயிரக்கணக்கில் பழைய கடிதங்களை விற்றார். நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் ஈர்ப்பு விதியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று காட்டும் கடிதங்களும் அவற்றில் இருந்தன. ஷால் அவற்றைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்து வாதாடினார். எல்லாம் போலி. கிளியோபாட்ரா எழுதியதாகச் சொன்ன கடிதம்கூடப் பிரெஞ்சு மொழியில் இருந்தது. 1870இல் விற்றவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. கணிதத்தில் அவ்வளவு கூர்மையான மனிதர், இந்தக் கடிதங்கள் இத்தனை காலம் யாரிடம் இருந்தன என்ற கேள்வியைக் கடைசிவரை துரத்தியிருந்தால் தப்பித்திருப்பார்.

உரிமை வரலாற்றோடு காகிதமும் சாட்சி சொல்லும். ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி படம் தெரிவதுபோல, பழைய காகிதங்களில் அவற்றைச் செய்த ஆலையின் அடையாளம் தெரியும், இதை நீர்க்குறி என்பார்கள். எந்தக் காகிதம் எந்த ஊரில் எந்தக் காலத்தில் புழங்கியது என்று தெரிந்தால், தேதி போடாத பக்கங்களையும் வரிசைப்படுத்த முடியும். கையெழுத்து, மை, உள்ளே இருக்கும் கணக்கு, அந்தக் காலத்துக் கடிதங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

தூக்கிப் போடாத நண்பர்

இந்தப் பிரதியின் தாய்ப்பத்திரம் பெஸ்ஸோவிடம் ஆரம்பிக்கிறது. 1914 தொடக்கத்தில் மிச்ச வேலையை முடிக்கச் சொல்லி ஐன்ஸ்டைன் இந்தத் தாள்களைப் பெஸ்ஸோவுக்கு அனுப்பிவைத்தார். அதே வருஷம் ஐன்ஸ்டைன் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார், போர் வந்தது. தாள்கள் பெஸ்ஸோவிடமே தங்கிவிட்டன. தன்னிடமே இருந்திருந்தால் ஐன்ஸ்டைன் அவற்றையும் வழக்கம்போலக் குப்பைக்கு அனுப்பியிருப்பார். பெஸ்ஸோ அனுப்பவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். இருவரும் 1955இல் ஒரே மாத இடைவெளியில் இறந்துபோனார்கள், முதலில் மார்ச்சில் பெஸ்ஸோ, ஏப்ரல் 18ஆம் தேதி ஐன்ஸ்டைன்.

இப்படித் தூக்கிப் போடாதவர்களால் பிழைத்தவை நிறைய. ராமானுஜன் தன் கடைசி வருஷத்தில் எழுதிய தாள்கள் அவர் மறைவுக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1923இல் இங்கிலாந்தில் ஹார்டிக்கு அனுப்பப்பட்டு, அவரிடமிருந்து வாட்சன் என்ற கணித அறிஞரிடம் சேர்ந்து, வாட்சன் இறந்தபின் அவர் காகிதக் குவியலிலிருந்து மீட்கப்பட்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு வந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அங்கே பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் உலகத்துக்கு அவை திரும்பக் கிடைத்தன. நடுவில் ஒரே ஒருவர் வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில் எரித்திருந்தால் அவ்வளவும் போயிருக்கும்.

ஐன்ஸ்டைன்-பெஸ்ஸோ தாள்கள் பெஸ்ஸோ குடும்பத்தின் வழியாக வந்து, 1995இல் ஐன்ஸ்டைன் எழுத்துகளின் தொகுப்பில் நான்காம் தொகுதியில் விளக்கக் குறிப்புகளோடு முழுமையாக அச்சாகின. அதற்கு அடுத்த வருஷம்தான் முதல் பெரிய ஏலம், 1996இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தில், 3,98,500 டாலர். அதாவது வாங்கியவர் பணம் கொடுப்பதற்கு முன்பே உள்ளே இருப்பது எல்லாம் உலகத்துக்குத் தெரியும். காகிதம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

2002 அக்டோபரில் அதே நியூயார்க்கில் மறுபடி ஏலம், 5,59,500 டாலர். இதற்குப் பிறகு கதை திரும்புகிறது.

ஒரு காகிதத்தைப் பங்கு போட முடியுமா?

பிரான்ஸில் அரிஸ்டோஃபில் என்றொரு நிறுவனம் இருந்தது. 1990இல் ஜெரார் லெரிட்டியே என்பவர் தொடங்கியது. நம் பிரதி இந்த நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்கள் புகழ்பெற்றவர்களின் கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் வாங்கிக் குவித்தார்கள், மொத்தம் 1,30,000க்கும் மேல் என்று கணக்கு. பாரிஸில் இவற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் நடத்தினார்கள்.

ஆனால் தொழில் நடந்தது வேறு விதத்தில். பிரதிகளைத் தொகுப்புகளாகக் கட்டி, அந்தத் தொகுப்புகளைப் பங்கு பங்காகச் சாதாரண மக்களிடம் விற்றார்கள். இதற்குக் கூட்டு உரிமை என்று பெயர்: பொருள் ஒன்று, உரிமையாளர்கள் பலர். யாரும் வீட்டுக்கு ஒரு பக்கத்தை எடுத்துப்போக முடியாது, பொருள் நிறுவனத்தின் பாதுகாப்பிலேயே இருக்கும். ஐந்து வருஷம் பொறுத்தால் வருஷத்துக்கு 8 சதவீதம்போல லாபத்தோடு நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று சேர்ந்தவர்கள் நம்பினார்கள். தேக்கு மரத் திட்டமும் ஈமு கோழித் திட்டமும் பார்த்த நமக்கு இந்த வாக்குறுதியின் சத்தம் பழக்கமானதுதான்.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தங்கத்துக்குத் தினமும் சந்தை விலை உண்டு, தவறான விலை சொன்னால் பக்கத்துக் கடையில் கேட்டுக்கொள்ளலாம். உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற காகிதத்துக்கு அப்படி விலை கிடையாது. அது ஏலத்துக்கு வருகிற நாளில்தான் உண்மையான விலை தெரியும், அதுவரை யாரோ ஒருவர் சொல்லும் மதிப்பீடுதான். அந்த மதிப்பீடுகள் ஊதிப் பெருக்கப்பட்டவை என்பதும், புதிதாகச் சேர்கிறவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பதும் பின்னால் எழுந்த குற்றச்சாட்டுகள். இப்படிப் புதுப் பணத்தில் பழைய கடனை அடைக்கும் ஏற்பாட்டுக்குப் பொன்சி திட்டம் என்று பெயர். லெரிட்டியே குற்றச்சாட்டை மறுத்தார். 2014 நவம்பரில் போலீஸ் சோதனை, 2015இல் நிறுவனம் திவால். சுமார் 18,000 பேர் போட்ட ஏறக்குறைய 85 கோடி யூரோ சிக்கிக்கொண்டது. பலர் ஓய்வுபெற்றவர்கள், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர்கள்.

அந்த மலையளவு காகிதத்தையும் ஒரே நாளில் சந்தையில் கொட்டினால் விலை தரைமட்டமாகிவிடும். அதனால் 2017 டிசம்பரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் ஏலம் விட்டார்கள். அப்படி வந்த ஏலங்களில் ஒன்றுதான் 2021 நவம்பர் 23. கிறிஸ்டீஸும் அகூட் என்ற பிரெஞ்சு ஏல நிறுவனமும் சேர்ந்து நடத்தின. எதிர்பார்ப்பு விலை 20 முதல் 30 லட்சம் யூரோ. போனது அதைப்போல நாலைந்து மடங்கு. 2002 விலையோடு ஒப்பிட்டால் இருபது மடங்குக்கு மேல்.

சரி, அந்தப் பணம் யாருக்கு? வாங்கியவர் கொடுத்த தொகையில் ஏல நிறுவனத்தின் கட்டணமும் அடக்கம், அது போக மீதி அந்தக் காகிதத்தின் உரிமையாளர்களுக்கு. ஐன்ஸ்டைன் குடும்பத்துக்கும் இல்லை, பெஸ்ஸோ குடும்பத்துக்கும் இல்லை. விற்றுக் கைமாறிய பொருளின் விலை ஏறும்போது முதலில் விற்றவருக்கு அதில் பங்கு வராது, தாத்தா விற்ற நிலத்தில் இன்று அடுக்குமாடி வந்திருப்பதுபோலத்தான்.

நண்பரின் கேள்விக்கு வருவோம்

பாடப்புத்தகத்தில் சமன்பாடு போட யாரிடமும் கேட்க வேண்டாம், வத்தக்குழம்பு போலத்தான் அது.

வார்த்தைகளின் உரிமை எப்போதும் ஏலத்துக்கு வெளியேதான் இருந்தது. ஐன்ஸ்டைன் தன் உயிலில் தன் எழுத்துகளையும் அவற்றின் உரிமைகளையும் முதலில் ஹெலன் டூகாஸ் முதலானோரின் பொறுப்பில் விட்டு, கடைசியில் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச்சேரும்படி எழுதிவைத்தார். 2021இல் காகிதத்தை வாங்கியவருக்கு அந்த உரிமை வரவில்லை. பெஸ்ஸோ எழுதிய பக்கங்களுக்கு ஐன்ஸ்டைனின் உயில் பொருந்தவும் பொருந்தாது. பதிப்புரிமைக்குக் காலக்கெடுவும் உண்டு. ஒருவர் உயிரோடு இருக்கும்போது வெளியிட்ட எழுத்துக்கு இந்தியாவில் அவர் இறந்த அடுத்த வருஷம் தொடங்கி 60 வருஷம், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 வருஷம். ஐன்ஸ்டைன் இறந்தது 1955 என்பதால், அவர் வெளியிட்டவற்றுக்கு இங்கே 2015 முடிவோடும், அங்கே 2025 முடிவோடும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இறந்தபின் அச்சானவற்றுக்கு விதிகள் வேறு, நாட்டுக்கு நாடு மாறும்.

அப்படியானால் கிட்டத்தட்ட நூறு கோடி கொடுத்து வாங்கியவருக்கு என்னதான் கிடைத்தது? பெஸ்ஸோ தூக்கிப் போடாமல் வைத்திருந்த அந்தத் தாள்கள் கிடைத்தன. படிக்க வேண்டும் என்றால் அவரிடம் போக வேண்டியதில்லை. ஐன்ஸ்டைன் எழுத்துகளின் தொகுப்பைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நான்காம் தொகுதியைத் திறந்து, இரண்டு கையெழுத்துகளும் மாறி மாறி வரும் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஜெர்மன் தெரிய வேண்டாம், கணிதமும் தெரிய வேண்டாம். சுழலும் மேடைக் கணக்கு முடிகிற இடத்தில் 'ஸ்டிம்ட்' என்ற ஒரு சொல்லைத் தேடுங்கள்.